மூன்றாம் நம்பரைப் பார்க்கப் போனோம்: ஃப்ரீமான்ட் முதல் டெக்சாஸ் வரை, இரண்டு குழந்தைகள், இரண்டு பூப்பொட்டலங்கள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்பதை என் மகள் நிலா சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, மூன்று ஸ்பூன்களை வைத்து நான்கு முறை விளக்கியிருக்கிறாள். நான்கு முறையும் புரிந்த மாதிரித் தலையாட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், பத்து வயது நிலாவையும் இருபது மாத ஆதியையும் தனியாக இழுத்துக்கொண்டு ஆயிரத்து நானூறு மைல் பறந்து போய், ஒரு ஸ்பானிஷ் தடுப்பாட்டக்காரருக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் குரல் திரும்பவில்லை. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். பே ஏரியாவிலிருந்து டாலஸ் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு ஆட்டம் பார்க்கப் போகும் அம்மாக்களுக்கு உதவலாம்.

ஏன் போனோம் என்பதற்கு இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். முதலாமவர் என் கணவர் செந்தில். மில்பிடாஸில் இருந்த அவருடைய அலுவலகம் பிப்ரவரியில் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு டெக்சாஸில் உள்ள பிளேனோவுக்குப் போய்விட்டது. வேலை வேண்டுமென்றால் கூடவே போக வேண்டும், விசாவில் இருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஐந்து மாதமாக அவர் அங்கே ஓர் அபார்ட்மென்ட்டில், நாங்கள் இங்கே. ஸ்கூல் முடியட்டும், நிலாவின் ஸீஸன் முடியட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள இடமில்லை. ஃப்ரீமான்ட் வீட்டின் லீஸ் ஆகஸ்ட்டில் முடிகிறது. காலி செய்கிறோமா, நீட்டிக்கிறோமா என்று ஜூலை மூன்றாவது வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாமவர் நிலாவின் ஹீரோ. பெயரை எழுதப் போவதில்லை, நான் அதை உச்சரிப்பதைக் கேட்டு நிலா ஏற்கெனவே வேண்டிய அளவு சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அவர் மூன்றாம் நம்பர். வட ஸ்பெயினில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். மீனை டப்பாவில் அடைக்கும் ஃபேக்டரிதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. இவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். ஒன்பது வயதில் ஊர் கிளப்பில் சேர்ந்தவர், பதினெட்டு வயதில் முதன்மை அணிக்கு வந்தார். இன்று முப்பத்தாறு. அதே கிளப், அதே இடது பக்கத் தடுப்பு, சட்டையில் அதே மூன்று. அணி இரண்டு முறை கீழ் டிவிஷனுக்கு விழுந்தபோது கூடவே விழுந்தார், கூடவே ஏறி வந்தார். பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லையாம். பதினெட்டு வருடத்தில் போட்ட கோல் மொத்தம் நான்கு! இதையெல்லாம் எழுதி வைக்க நிலாவிடம் ஒரு நோட்டுப் புத்தகமே இருக்கிறது.

அவளும் ஏழு வயதிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. டெக்சாஸ் என்று ஆரம்பித்தாலே அவளிடம் ஒரே பதில்தான். "ஹி நெவர் லெஃப்ட், அம்மா." அதைக் கேட்டதும் செந்தில் போனின் அந்தப் பக்கம் பேச்சை மாற்றிவிடுவார். இந்தப் பக்கம் நானும் அவளைத் திருத்த மாட்டேன். ஏனென்றால், உண்மையைச் சொன்னால், போக விருப்பமில்லாதது அவளுக்கு மட்டுமில்லை. எனக்குத்தான் அதிகம். அவள் சொல்வது வசதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் மூன்றாம் நம்பரின் கிளப் அமெரிக்காவுக்கு வருகிறது, ஒரு நட்பு ஆட்டம் பிளேனோவுக்குப் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவில் என்று செந்தில் கண்டுபிடித்தார். வரும் ஸீஸனோடு அவர் ஓய்வு பெறுகிறார் என்பதும் சேர்ந்து தெரிந்தது. "அம்மணி, வர்றியா? அப்பா டிக்கெட் போட்டாச்சு!" (செந்தில் ஊர் கோபிசெட்டிபாளையம். அங்கே செல்லப் பெண்ணெல்லாம் அம்மணி.) நிலா போட்ட கூச்சலில் ஆதி பயந்து அழுதான். இது லஞ்சம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை 8:40-க்கு சான் ஹோசேயிலிருந்து விமானம். வீட்டிலிருந்து பதினேழு மைல். 6 மணிக்குக் கிளம்பினால் 880 நெடுஞ்சாலையில் முப்பது நிமிடம், 6:45-க்குக் கிளம்பினால் கடவுள் விட்ட வழி. எங்களைக் கொண்டுபோய் விட்டது கீழ் வீட்டுக் கவிதா.

"தெர்மாமீட்டர் எடுத்துட்டியா?"

"ரெண்டு."

"காய்ச்சல் மருந்து?"

"ஒவ்வொரு பேக்லயும் ஒண்ணு."

"ஏண்டி, நீ மேட்ச் பாக்கப் போறியா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறியா?"

சிரித்தேன். ஆனால் கவிதாவுக்கு எல்லாம் தெரியும். பிப்ரவரியில், செந்தில் பிளேனோ போய் ஆறே நாளில், ஆதிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. என் கத்தலைக் கேட்டு மேலே ஓடி வந்தவள் கவிதா. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவள் கணவர் செருப்பு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது, நிலாவைத் தன் வீட்டில் படுக்க வைத்தது, ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் அவள்தான். இந்த மாதிரி வலிப்பு குழந்தைகளுக்கு வருவதுதான், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். செந்திலிடம் போனில், "லேசான காய்ச்சல், சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். பாவம், அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வார் என்று. அப்புறம் சொல்ல நேரமே வரவில்லை.

இரண்டு வயதுக்குக் கீழே மடியில் உட்காரும் குழந்தைக்கு உள்நாட்டு விமானத்தில் டிக்கெட் வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் நகல் மட்டும் கையில் இருக்கட்டும். காரில் ஆதியை உட்கார வைக்கும் கார் ஸீட்டை இலவசமாகவே லக்கேஜில் போட்டார்கள். மூன்றரை மணி நேரப் பயணத்தில் ஆதி ஒரு மணி நேரம் தூங்கினான், மிச்ச நேரம் முன் ஸீட்டை உதைத்தான். முன் ஸீட்டில் இருந்தவரிடம் பதினோரு முறை ஸாரி சொன்னேன், நிலா எண்ணினாள்.

அந்த நேரத்தில் போனில் பிளேனோ பள்ளியின் சேர்க்கைப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு மாதமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் படிவம். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, ஒரு கட்டம் மட்டும் பாக்கி. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், பெற்றோர் தவிர, உள்ளூரில் இருப்பவர். ஃப்ரீமான்ட் படிவத்தில் யோசிக்காமல் கவிதா என்று எழுதினேன். இங்கே கர்சர் மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. மூடி வைத்தேன்.

டாலஸில் இறங்கும்போது அங்கே நேரம் 2:15, நமக்கு இரண்டு மணி நேரம் காணாமல் போயிருக்கும். செந்திலுக்கு அலுவலகத்தில் வேலை, அதனால் வாடகைக் கார். இருபத்தேழு மைல், நாற்பது நிமிடம், டிப் சேர்த்து 52 டாலர். கார் ஸீட்டை மாட்டத் தெரிந்திருந்தால் நல்லது, 102 டிகிரி வெயிலில் கையேடு படிக்க முடியாது. டிரைவர் நேபாளத்துக்காரர், ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"கலிஃபோர்னியாவா? மூவ் ஆகி வர்றீங்களா?"

"இல்லையில்ல, சும்மா ஒரு மேட்ச் பாக்க."

"எல்லாரும் இப்படித்தான் மேடம். மேட்ச்ம்பாங்க, கல்யாணம்பாங்க. அடுத்த மாசம் டிரக்ல சோஃபாவோட வருவாங்க."

நிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் டெக்சாஸ் சாலையைப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்குப் பாலங்கள், எல்லாரும் எண்பதில் பறக்கிறார்கள். இதில் நான் கார் ஓட்டுவதா?

சனிக்கிழமை காலை. பிளேனோவில் இந்தியக் கடைகளுக்குக் குறைவில்லை, செந்தில் வீட்டிலிருந்து நான்கு மைலுக்குள் மூன்று. காய்கறிப் பக்கம் நிற்கும்போது செந்தில் பேச்சை ஆரம்பித்தார்.

"பாப்பாவையும் கட்டாயப்படுத்த வேண்டாம், நம்மளும் சண்டை கட்ட வேண்டாம். நாளைக்குக் கோயில்ல பூக் கேட்டுரலாமா?"

தெரியாதவர்களுக்கு: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். செந்தில் வீட்டில் போர்வெல் எங்கே போடுவது என்பதற்கும் பூக் கேட்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கும் கேட்டார்களாம், வெள்ளை வந்ததால்தான் குரோம்பேட்டையில் வளர்ந்த நான் அந்த வீட்டு மருமகள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. அவருக்கு உண்டு.

"வெள்ளை வந்தா நீங்க மூணு பேரும் இங்க வர்றீங்க. செவப்பு வந்தா நான் இன்னொரு வருஷம் இப்படியே ஓட்டிக்கறேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

"சாமி சொன்னதுக்கு அப்புறம் என்ன? பொட்டலத்தை நீயே கட்டு. உன் கைன்னா எனக்கு நம்பிக்கை."

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சிவப்பு ரோஜாவும் வெள்ளைச் சாமந்தியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவரும் பிள்ளைகளும் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். நான் சமையலறையில் தனியாக நின்று வெள்ளைத்தாளை இரண்டு சதுரமாக வெட்டினேன். ஒன்றில் சிவப்பு ரோஜா இதழ் வைத்து மடித்து நூல் சுற்றினேன். இன்னொன்றிலும் சிவப்பு ரோஜா இதழ் வைத்து மடித்து நூல் சுற்றினேன். இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மிஞ்சிய வெள்ளைச் சாமந்தியை என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் குத்திக்கொண்டேன்.

"பூ நல்லா இருக்குதே," என்றார் செந்தில், ஈரத் தலையோடு வந்து.

மைதானத்துக்குப் பன்னிரண்டு மைல், இருபத்தைந்து நிமிடம். பார்க்கிங் 25 டாலர், டிக்கெட் ஒருவருக்கு 38. இரண்டு வயதுக்குக் கீழே இலவசம் என்றார்கள், போகும் முன் உங்கள் ஆட்டத்துக்கு விதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். 7:30-க்கு ஆட்டம், 6 மணிக்கே கதவு திறக்கிறது. பை விஷயத்தில் கவனம்! உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைதான் அனுமதி. டயப்பர் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள். குழந்தைக்கான உணவு கொண்டு போகலாம். நான் தயிர் சாதம் கொண்டு போனேன், எங்கள் வீட்டுப் பெரிய டப்பாவில். வாசலில் நின்ற காவலர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

"ரைஸ் அண்ட் யோகர்ட். பேபி ஃபுட்."

அவர் டப்பாவைப் பார்த்தார், ஆதியைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார். "இந்த பேபிக்கா?"

"நல்லா சாப்பிடுவான்."

"டெக்சாஸ் ஸைஸ்," என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

எங்கள் வரிசையில் பக்கத்து இருக்கையில் மூன்றாம் நம்பர் சட்டை போட்ட ஒரு பெண், மடியில் நான்கு வயதுப் பையன். பெயர் மரிசோல். பல் டாக்டர் ஒருவரிடம் வேலை, வீடு ஆலனில். அது பிளேனோவிலிருந்து பன்னிரண்டு நிமிடம். நிலாவின் சட்டையைப் பார்த்ததும் கண்ணை விரித்து, "எந்த ஊர் நீங்க?" என்றாள். இந்தியா, ஆனால் கலிஃபோர்னியா, ஆனால் என் கணவர் இங்கே என்று நான் உளறினேன். அவளோ மூன்றாம் நம்பரின் ஊர்க்காரி! அதே தெரு! அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி! நிலா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூடி, திறந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. என்ன சொல்ல! டிவியில் பார்க்கும்போது பந்தைத் தவிர ஒன்றும் தெரியாது. நேரில் பார்த்தால்தான் பந்து இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று புரிகிறது. மூன்றாம் நம்பர் அதிகம் ஓடவே இல்லை. எதிரணியின் இருபது வயதுப் பையன் ஒருவன் அவரை இரண்டு முறை நிற்க வைத்துவிட்டுப் போனான். ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். கையை நீட்டி, கத்தி, திட்டி, தட்டிக் கொடுத்து, ஒரு நிமிடம் வாய் மூடவில்லை. முப்பத்து நாலாவது நிமிடம், கோல்கீப்பரைத் தாண்டிப் பந்து உருண்டு போகிறது. முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கிருந்து வந்தாரோ, கோட்டின் மேலே காலை நீட்டி வெளியே தள்ளினார்! நானும் மரிசோலும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் தலைப் பூ அவள் முகத்தில் இடித்தது.

இடைவேளையில் அவள் பையன் மாத்தியோ எங்கள் தயிர் சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆதிக்கும் அவனுக்கும் மாற்றி மாற்றி ஒரே ஸ்பூனில் ஊட்டினேன்.

"நீங்க எப்ப கிளம்பி வந்தீங்க ஊரை விட்டு?" என்று நிலா ஆங்கிலத்தில் கேட்டாள், கொஞ்சம் குற்றம் சாட்டுகிற குரலில்.

"ஃபேக்டரி மூடினப்போ. பாதித் தெருவே காலியாச்சு. உன் ஹீரோவோட அண்ணன் ஜெர்மனில, தங்கச்சி மாட்ரிட்ல. அவன் மட்டும்தான் அங்க."

"கஷ்டமா இல்லையா?"

"முதல் வருஷம் முழுக்க அழுதேன். அப்புறம் எங்கப்பாவோட மீன்படகை விடப் பெரிய கார் வாங்கினேன்," என்று சொல்லி மரிசோல் தானே சிரித்தாள்.

என்னமோ தெரியவில்லை, செந்தில் தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் நான் அவளிடம் ஆதியின் வலிப்பைப் பற்றிச் சொன்னேன். கவிதா, செருப்பு, ஆஸ்பத்திரி எல்லாம். முன்பின் தெரியாத ஒருத்தியிடம்! அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "இவனுக்கும் வந்திருக்கு. ரெண்டு தடவை," என்று மாத்தியோவின் தலையைக் காட்டினாள். அவ்வளவுதான்.

அறுபத்தோராவது நிமிடம் அவரை மாற்றினார்கள், மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம் (பாருங்கள், தோற்றோம் என்று எழுதுகிறேன்). முடிந்ததும் வீரர்கள் ஒரு சுற்று நடந்து வந்தார்கள். கம்பித் தடுப்பு ஓரம் ஐநூறு பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். மரிசோல் பெயரைக் கத்தவில்லை. மாத்தியோவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்பானிஷில் ஒரே ஒரு சொல்லைக் கத்தினாள். அவர்கள் தெருவின் பெயராம். வலை தைக்கும் தெரு என்று அர்த்தமாம். மூன்றாம் நம்பர் சட்டென்று நின்றார்!

வந்தார். முழங்காலில் ஐஸ் கட்டிப் பை, முகமெல்லாம் வியர்வை. மரிசோலைக் கன்னத்தில் முத்தமிட்டு, அவள் அம்மாவைப் பற்றி ஏதோ கேட்டார். பிறகு நிலாவைப் பார்த்தார். நிலா நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இவ்வளவு நாள் எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். எப்போதாவது கிளம்பிப் போக நினைத்தீர்களா என்று. மரிசோல் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ரெண்டு தடவை பெட்டி கட்டினேன். ரெண்டு தடவையும் ஊர் எல்லைல இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன். பயம். வேற ஒண்ணுமில்ல. மறுநாள் பேப்பர்ல, எவ்வளவு விசுவாசம்னு எழுதினாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

நிலா வாயைப் பிளந்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பூவை எடுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது. எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று அவர் கேட்டார், லெஃப்ட் பேக் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓட முடியலேன்னா பரவாயில்ல. வாயை மட்டும் மூடாதே. நீ எங்க நிக்கறேன்னு உன் டீமுக்குத் தெரியணும்." நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நிலா எகிறி எகிறிக் குதித்தாள். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மரிசோல் தன் நம்பரை எழுதி என்னிடம் கொடுத்தாள். "காய்ச்சல்னாலும் கூப்பிடு, தயிர் சாதம்னாலும் கூப்பிடு."

திரும்பும்போது காரில் நிலா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். "பெட்ரோல் பங்க், அப்பா! ஹி வாஸ் ஸ்கேர்டு!" செந்தில் விழுந்து விழுந்து சிரித்தார். ஃபிரிட்ஜில் இருக்கும் பொட்டலத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தால், தலையில் இருந்த சாமந்தி டெக்சாஸ் வெயிலில் பழுப்பாகச் சுருண்டிருந்தது. வேறு வெள்ளைப் பூ வீட்டில் இல்லை. இல்லை என்பது எனக்கு ஒரு சாக்கு, காலையில் கடை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை 9 மணிக்குக் கோயில். பதினைந்து மைல். பார்க்கிங் தாராளம், வாசலில் செருப்பு வைக்க அலமாரி, கீழ்த்தளத்தில் இட்லி, பொங்கல் கிடைக்கும். முருகன் சன்னிதிக் குருக்களிடம் செந்தில் விஷயத்தைச் சொன்னார். அவர் பொட்டலங்களை வெள்ளித் தட்டில் வைத்து, தீபம் காட்டி, எங்கள் முன்னால் நீட்டினார். "கொழந்தே, ஒண்ணு எடும்மா."

நிலா எடுத்தாள். நூலைப் பிரித்தாள். சிவப்பு.

செந்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொன்னபடியே. "சரி, விடு. சாமியே சொல்லிடுச்சு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எழுத மாட்டேன். ஆதியை என் இடுப்பிலிருந்து வாங்கித் தன்னோடு இறுக்கி வைத்துக்கொண்டார். ஆதி என்ன செய்தான் தெரியுமா? அப்பா தோளிலிருந்து எட்டி, தட்டில் மிஞ்சியிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, இரண்டு கையாலும் கிழித்தான். சிவப்பு இதழ்கள் குருக்களின் கையிலும் வெள்ளித் தட்டிலும் பரவின.

குருக்கள் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது," என்றார் குருக்கள், "சுவாமிக்கு நீங்க சாய்ஸே கொடுக்கலையே?"

நிலா என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "அம்மா! நேத்து நீ தலைல வெச்சிருந்தது! தட்ஸ் சச் எ ஃபவுல்!"

"ஏன்?" என்றார் செந்தில். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சன்னிதிக்குப் பக்கத்துத் தூண் ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லேசான காய்ச்சல் இல்லை, வலிப்பு என்று. நாலு நிமிடம் நீடித்தது என்று. அந்த நாலு நிமிடத்தில் உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கதவு கவிதா வீட்டுக் கதவுதான் என்று. இங்கே எந்தக் கதவையும் எனக்குத் தெரியாது, அதனால் நிலாவின் டீம், நிலாவின் ஸீஸன் என்று அவள் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று. "எனக்குப் பயமா இருக்கு, செந்தில். அவளுக்கு இல்ல. எனக்குத்தான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "அஞ்சு மாசமா சொல்லாம இருந்திருக்கியே. நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?"

"ஸாரி."

"ஸாரி கெடக்குது. அன்னிக்கு நான் அங்க இருந்திருக்கணும். அதுக்குத்தான் வாங்கங்கறேன்."

நிலா இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். அவளிடம், "நீ சொல்லு கண்ணு. உண்மையா," என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். நேற்றே முடிவு செய்துவிட்டாளாம். பெட்ரோல் பங்க்கைத் தாண்டிப் பார்த்தால் என்ன என்று. ஆனால் இரண்டு நிபந்தனை. இங்கேயும் மூன்றாம் நம்பர் சட்டைதான் வேண்டும், அம்மாதான் பிராக்டிஸுக்குக் காரில் கூட்டிப் போக வேண்டும். அந்த ஐந்து அடுக்குப் பாலத்தின் மேலே! "யூ ஆல்ஸோ ஹேவ் டு கோ பாஸ்ட் த பெட்ரோல் பங்க், அம்மா."

"மறுபடியும் பூக் கேக்கணுமாப்பா?" என்றார் குருக்கள், தட்டைத் துடைத்துக்கொண்டே.

"வேண்டாங்க," என்றேன் நான். "வர்றோம்."

மாலை 5:20 விமானம். கிளம்பும் முன் வாயிலருகே உட்கார்ந்து ஃப்ரீமான்ட் லீஸ் அலுவலகத்துக்கு, காலி செய்கிறோம் என்று மெயில் எழுதினேன். அனுப்பும் பொத்தானை நிலா அழுத்தினாள். கவிதாவுக்கு மட்டும் மெஸேஜ் அனுப்பத் தைரியம் வரவில்லை. சான் ஹோசேயில் எங்களைக் கூட்டிப் போக வந்தவள், என் முகத்தைப் பார்த்ததுமே, "போறேல்ல? தெரியும்டி. கெஸ்ட் ரூம் வெச்ச வீடாப் பாரு," என்றாள். 880 முழுக்க இருவரும் அழுதுகொண்டே வந்தோம், அவள் அறுபத்தைந்தில் ஓட்டிக்கொண்டு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலையில் டாலஸ் வெயிலைக் குறைத்து எடை போடாதீர்கள், மேற்குப் பார்த்த இருக்கைகளில் எட்டரை மணி வரை கண் கூசும், மைதானப் படத்தைப் பார்த்து நிழல் பக்கம் டிக்கெட் எடுங்கள். டோல் சாலைகளில் காசு வாங்க ஆள் இல்லை, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்குப் பில் அனுப்புவார்கள். கைக்குழந்தைக்குக் காது மூடும் ஹெட்ஃபோன் அவசியம், கோல் விழுந்தால் சத்தம் பயங்கரம். தயிர் சாதத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள், ஆனால் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து. பூக் கேட்பதாக இருந்தால், பொட்டலம் கட்டும் வேலையைப் பயந்தவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்தால் இருபது மாதக் குழந்தை ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டுப் பள்ளிப் படிவத்தைத் திறந்தேன். அந்த ஒரு கட்டம். மரிசோலிடம் கேட்டு மெஸேஜ் அனுப்பியிருந்தேன், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படமும் தயிர் சாதம் எப்படிச் செய்வது என்ற கேள்வியும் வந்திருந்தன. பெயரை எழுதினேன், நம்பரை எழுதினேன். பக்கத்தில் இன்னொரு கட்டம், மாணவிக்கு என்ன உறவு என்று. பட்டியலில் அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், நண்பர் எல்லாம் இருந்தார்கள். எதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் இருந்த 'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்து, ஒரே டீம் என்று டைப் செய்து அனுப்பிவிட்டேன்.